வாயிலோன் யாருக்குப் பொறுப்பு?

ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி பாண்டியன் அரண்மனை வாயிலில் வந்து நின்றபோது வாயிலோன் அஞ்சினான். ஆயினும் வழக்கைத் தீர்க்க அவன் முற்படவில்லை. உள்ளே சென்று மன்னனிடம் செய்தியைச் சொன்னான். விடுவதா மறுப்பதா என்பது அரசன் கையில் இருந்தது. ஆதலால் பிழை வெளிப்பட்டபோது பழியும் அரசனையே அடைந்தது. சிலப்பதிகாரத்தைப் படிக்கும் நாம் இந்த வாயிலோனைப் பெரும்பாலும் கவனியாமலே கடந்துவிடுகிறோம். இன்றைய விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரின் முன் நிற்கும்போதுதான் அவனுடைய அருமை விளங்குகிறது.

பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவை எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் விசா விதி அங்கே வேறு. குவாமுக்கும் வட மரியானாத் தீவுகளுக்கும் பொதுவாக 2009 நவம்பர் 28 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, மலேசியா உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் விசா இன்றி 45 நாள் வரை அங்கே தங்கலாம். திரும்பும் பயணச் சீட்டும், புறப்படுமுன் இணையவழிப் பெற்ற இசைவும் வேண்டும். ஹவாய்த் தீவுகளுக்கும் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் பொருந்தும் விசா விலக்கோ வேறு. அது 90 நாளுக்கு உரியது. அதில் மலேசியா இல்லை. ஆக, பினாங்கில் வாழும் மலேசியக் குடிமகனான நம் உறவினர் ஒருவர் மணிலா வழியே குவாம் சென்றால் விசா வேண்டியதில்லை. ஹொனலூலு வழியே செல்ல எண்ணினால் வேண்டும். ஒரே கொடி, ஒரே கடல், இரண்டு விதி!

கவுண்டரில் எழும் பூசலுக்கு இதுவே வித்து. பணியாளர் ‘அமெரிக்கா’ என்று பார்க்கிறார், விலக்குப் பட்டியலில் மலேசியாவைத் தேடுகிறார், காணவில்லை. விசா எங்கே என்கிறார். பயணி வேண்டியதில்லை என்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. குழந்தைகள் அழுகின்றன. இருவரில் பயணி சொல்வதே சரியாக இருக்கக்கூடும். பயணி ஹொனலூலு வழியே சீட்டு வாங்கியிருந்தால் பணியாளர் சொல்வது சரி. உலகெங்கும் உள்ள இத்தகைய விதிகளைத் தொகுத்துத் தரும் ஏடு ஒன்றை விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் 1963-லேயே தொடங்கியது. இன்று அது கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. ஆனால் எந்த விதியைத் தேடுவது என்று அறிந்தவருக்கே அது விடை சொல்லும்.

பணியாளரின் நிலையை நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். தகுதியற்ற ஒருவரை ஏற்றிவிட்டால் அவருடைய நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அதன் தலையில் விழும். தகுதியுள்ள ஒருவரைத் தடுத்துவிட்டாலோ? பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. திருமணத்துக்கோ ஜனாஸாவுக்கோ போய்ச் சேர முடியாத துயரம் பயணியோடு வீடு திரும்புகிறது. நிறுவனத்தின் கணக்கில் அது ஏறுவதில்லை. தட்டு ஒன்றில் மட்டும் கல் வைத்த தராசில் நிறுப்பவரிடம் நீதியை எதிர்பார்க்கிறோம். அவர் தீயவராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. அஞ்சுபவராக இருந்தால் போதும்.

அந்தக் கல்லை வைத்தவர் யார்? பிரிட்டனின் கதை நமக்கு நெருக்கமானது. 1987 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து அடைக்கலம் நாடி லண்டன் ஹீத்ரு விமான நிலையம் வந்த 58 தமிழர்களைத் திருப்பியனுப்ப முற்பட்டபோது, அவர்களுள் சிலர் ஓடுதளத்தில் ஆடை களைந்து எதிர்ப்புக் காட்டினர். அதையடுத்து அதே ஆண்டில், உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுன் அபராதம் என்ற சட்டம் வந்தது. 1991-இல் அது 2,000 ஆயிற்று. இதன் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. அடைக்கலம் கேட்போரை அரசு நேரில் நின்று மறுத்தால் நீதிமன்றம் கேட்கும், செய்தித்தாள் எழுதும். கொழும்பிலோ டாக்காவிலோ ஒரு கவுண்டரில் மறுக்கப்பட்டால் கேட்பார் யார்?

தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் இதுவே நடந்தது. சுற்றுலாவுக்காக அத்தீவு பல நாட்டவருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்திருந்தது. ஏமன் போரிலிருந்து தப்பி மலேசியாவில் இருந்தவர்களுள் 500-க்கும் மேற்பட்டோர் 2018-இன் முதல் மாதங்களில் அங்கே போய் அடைக்கலம் கேட்டனர். அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஏமன் அந்த விலக்கிலிருந்து நீக்கப்பட்டது. முன்னரே வந்துவிட்டவர்களின் வழக்கை அதிகாரிகள் விசாரித்தனர். 400-க்கும் மேற்பட்டோருக்கு மனிதாபிமான அடிப்படையில் தங்க இடம் கிடைத்தது. ஆண்டிறுதியில் இருவர் அகதிகளாக ஏற்கப்பட்டனர். ஜூன் 1-க்குப் பின் வர எண்ணியவர்களுக்கோ விசாரணையே இல்லை. அவர்களுடைய கதையைக் கேட்க வேண்டிய கடமை கவுண்டரில் நின்றவருக்கு இல்லை.

நாட்டுக்கு எல்லை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக்குக் கதவு இருப்பது போல நாட்டுக்கும் இருக்கலாம். விதியைப் படிக்காமல் ஏஜெண்டு சொன்னதை நம்பிப் புறப்பட்டுவிட்டு, கவுண்டரில் நிற்கும் இளம்பெண்ணை ஏசுவதும் முறையன்று. (நம்மவரிடையே அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல்தான்.) நம் கேள்வி வேறு. தீர்ப்பை வேறொருவர் வாயால் சொல்லவைத்துவிட்டு அதன் பழியிலிருந்து அரசு விலகிக்கொள்ளலாமா? ‘நான் மறுக்கவில்லை, விமான நிறுவனம் மறுத்தது’ என்கிறது அரசு. ‘நாங்கள் என்ன செய்வோம், அரசின் விதி’ என்கிறது நிறுவனம். இடையே ஒரு மனிதன் பெட்டியுடன் நிற்கிறான்.

சைப்ரஸ் தீவில் 2015-இல் அப்படி நின்ற ஒருவர் விடவில்லை. அவர் கஜகஸ்தான் குடிமகன். சைப்ரஸில் தங்கும் உரிமம் பெற்றவர். லார்னகாவிலிருந்து ருமேனியா செல்ல வந்தார். ருமேனிய விசா இல்லையென்று விமானத்தில் ஏற்ற மறுத்தனர். அந்த உரிமமே போதும் என்பது அவர் வாதம். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஏப்ரல் 30 அன்று அது சொன்னது இது: ஆவணம் போதாது என்று நிறுவனம் கூறிவிட்டதாலேயே பயணி தன் பாதுகாப்பை இழப்பதில்லை, மறுப்பு நியாயமானதா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டும். மேலும், அந்நாட்டு அதிகாரிகள் மறுத்துவிட்டனர் என்று நிறுவனம் சாக்குச் சொல்ல வேண்டுமானால், அந்த மறுப்பு காரணத்தோடு எழுத்தில் அமைந்து, முன்னதாகப் பயணியிடம் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு இது சிறிய விஷயம். ஒரு துண்டுக் காகிதம். மறுத்தவர் யார், எந்த விதியின்படி மறுத்தார் என்று அதில் இருக்கும். குவாமுக்குப் புறப்பட்ட குடும்பம் அதை வைத்துக்கொண்டு மறுநாளாவது வழக்கைச் சொல்லலாம். அடைக்கலம் தேடுபவனுக்கு மறுநாள் என்பது இருக்குமா என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்கு அந்தக் காகிதமும் போதாது.