யாரும் கேட்காத ஸ்டூல்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சின்ன ஜவுளிக்கடை. நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு மர ஸ்டூல். பச்சை பெயின்ட் அடித்தது. உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது.

போர்வை எடுக்கப் போனவன் பேச்சுவாக்கில் முதலாளியிடம் கேட்டேன். "இது எத்தனை வருஷமா இருக்கு, அண்ணாச்சி?"

"கடை தொறந்ததுல இருந்தே இருக்கு."

"யாரும் சொல்லாமலேவா போட்டீங்க?"

"நடுவுல உக்காந்து எந்திரிச்சாத்தான் புள்ளைக சுறுசுறுப்பா இருக்கும். யாவாரம் நடக்கும்" என்றார். போர்வையை மடித்துக்கொண்டே, "எங்க வீட்ல சொன்னாங்க" என்றார். பில் போடும்போது, நான் கேட்காமலேயே, "நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்ல" என்றார்.

ஒரே ஸ்டூலுக்கு மூன்று காரணங்கள். எதுவும் பொய்யாகத் தெரியவில்லை. எது முதலில் வந்தது என்ற கேள்விதான் என்னை விடாமல் அரிக்கிறது.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2021இல்தான். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் தொடங்கி ஜவுளிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கிய உரிமை அது. நம் ஊர்ப் பெரிய கடை ஒன்றில், திருத்தம் வந்த பிறகு வாங்கிப் போட்ட நாற்காலிகளைப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. உட்கார்ந்தால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்பது அந்தப் பெண்களுக்குத்தானே தெரியும்? விளக்குத்தூண் கடையில் தேய்ந்திருந்த பெயின்ட்தான் எனக்குச் சாட்சி. அங்கே நிஜமாகவே உட்காருகிறார்கள்.

நான் பிறந்தது விருதுநகரில். அப்பாவுக்கு மளிகைக்கடை. அவருடைய கணக்குப் புத்தகத்தில் மகமை என்று தனியாக ஒரு பத்தி உண்டு. சரக்கு வந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று அதில் எழுதுவார். அந்தக் காசில்தான் ஊரில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலாவும் அதில் ஒன்று. "எதுக்குப்பா குடுக்கோம்?" என்று கேட்டால், "குடுக்கணும்ல" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

அந்தக் காசைச் சுத்தமான தர்மம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுக்காதவனுக்கு உறவின்முறையில், அதாவது எங்கள் சாதிச் சங்கத்தில், முகம் இருக்காது. கடன் கிடைக்காது, சம்பந்தம் பேச வரமாட்டார்கள். கொடுத்தது முதலில் தன் சனத்துக்குத்தான். ஆனாலும் அச்சம், கௌரவம், நம் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்த அந்தக் காசுதான் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் நடத்தியது. நோக்கம் கலப்படமாக இருந்ததால் பாடம் கெட்டுவிடவில்லை.

ஸ்டூலை அப்படிப் புரிந்துகொள்ள முடியவில்லை. கவுண்டருக்குப் பின்னால் கிடப்பது வாடிக்கையாளர் கண்ணிலேயே படாது. நல்ல பெயர் வாங்கித் தராது. அந்தப் பெண்கள் அவருக்குச் சொந்தக்காரர்களும் இல்லை. 5 கோடி லாபம் பார்க்கும் கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் செய்தால் ஆண்டறிக்கையில் படத்தோடு போடலாம். அண்ணாச்சி கடைக்கு ஏது ஆண்டறிக்கை?

அவரே சின்ன வயதில் ஒரு கடையில் நின்று வளர்ந்தவர். வேட்டியை மடித்துக் கட்டும்போது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது தெரியும். பட்ட வலி மறக்கவில்லை, அதனால் போட்டார் என்று முடித்துவிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு பெரியப்பா நினைவுக்கு வந்தார். அவரும் பத்து வயதில் பாத்திரக்கடைக்கு வேலைக்குப் போனவர்தான். அவருக்கும் அதே நரம்பு. சொந்தக் கடை வைத்த பிறகு, பையன் ஒருவன் மூட்டை மேல் சாய்ந்தால்கூட, "நாங்க நிக்கலையாடா?" என்று அதட்டுவார். கல் நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கடையில் வேலை பார்த்த ஒருவருடைய மகளின் காலேஜ் ஃபீஸை மூன்று வருஷமும் அவர்தான் கட்டினார். உட்கார மட்டும் விடமாட்டார்.

ஒரே வலி ஒருவரை ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறது. இன்னொருவரை, நான் பட்டதை நீயும் படு என்று சொல்ல வைத்திருக்கிறது. முதலாளியின் வலி எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண் நிற்கக் கூடாது. அதனால் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திருப்பம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. அண்ணாச்சி சொன்னதில் இரண்டாவது காரணம், வீட்டில் சொன்னது, ஒருவேளை அதுதானோ? சரியான நேரத்தில் பக்கத்தில் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையா? பெரியம்மாவும் சொல்லிப் பார்த்திருப்பாரே.

பெரியப்பா இருந்தால் கேட்டிருப்பேன். அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.