விட்டுவைத்த தூண்

வேடந்தாங்கல் ஏரிக்குள் நீர்க்கடப்ப மரங்கள் நிற்கின்றன. மழை பெய்து ஏரி நிரம்பியதும், நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வந்து அவற்றின் கிளைகளில் கூடு கட்டுகின்றன. மரத்தை வெட்டினால் விறகு. பறவையைச் சுட்டால் கறி. இது ஊராருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் எடுக்கவில்லை! வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கி வந்தபோது, கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். புண்ணியம் தேடியா? அன்று. பறவையின் எச்சம் விழுந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். எடுக்காமல் விட்டது, நெல்லாகித் திரும்பிற்று.

எடுக்கக்கூடியதை எடுக்காமல் விடுவது மடமையா, அறமா? இக்கேள்வியை ஏரிக்கரையில் கேட்பது எளிது. ஏனெனில், பிழை செய்தால் பறவை போகும். பயிர் சற்றுக் குறையும். இதே கேள்வியை மண்ணுக்கடியில், பாறையைக் குடைந்து பொன்னும் கரியும் எடுக்கும் இடத்தில் கேட்டுப் பார்ப்போம். அங்கே பிழை செய்தால் போவது மனித உயிர்.

பாறையைக் குடைவது தமிழனுக்குப் புதிய கலையன்று. வேடந்தாங்கலிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்துச் சிற்பிகள் அங்கே கருங்கற்குன்றைக் குடைந்து மண்டபம் செய்தனர். கட்டடம் கட்டுவோன் தூணைக் கொண்டுவந்து நிறுத்துவான். குடைவரை செய்வோனோ, தூண் நிற்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவான். வராக மண்டபத்துத் தூண், சிற்பி விட்டுவைத்த தூண்! அதன் அடியில் அமர்ந்த சிங்கமும் அழகுதான். ஆனால் அழகுக்கு முன்னே ஓர் அறிவு இருக்கிறது. எவ்வளவு எடுப்பது என்று எண்ணுமுன், எதை எடுக்கக்கூடாது என்று எண்ணிய அறிவு அது.

மாமல்லபுரத்துக் குடைவு சில அடி ஆழம். கோலார் தங்கவயலிலோ மனிதன் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கினான். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தொழில் தொடங்கியது. வடஆர்க்காடு முதலான மாவட்டங்களிலிருந்து தமிழர், அவருள்ளும் சேரியிலே ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்கள், ஆயிரமாயிரமாய்ச் சென்றனர். ஊரிலே கிணற்றுநீருக்கும் தடை. தங்கவயலில் பாதாளத்துக்கு வழி! சென்றனர், இறங்கினர், பொன் எடுத்தனர். அந்தப் பொன் எந்தக் கழுத்தில் மின்னியதோ, எடுத்தவன் கழுத்தில் மின்னவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை, நூற்றிருபது ஆண்டுகள் நடந்த கதை இது.

அச்சுரங்கத்தின் தீராத அச்சம், பாறை வெடிப்பு. அங்குள்ள பாறை கடினமானது, வளையாது, நெளியாது. மேலிருந்து அழுத்தும் சுமையை வில்லில் ஏற்றிய நாண்போல் உள்ளே தேக்கிவைத்துக்கொள்ளும். பக்கத்துப் பாறையை வெட்டி எடுத்துவிட்டால், தேங்கிய விசை ஒரு கணத்தில் விடுபடும். சுவர் சிதறும்; வழி அடைபடும்; மேலே ஊரிலுள்ள வீடுகள் அதிரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே தங்கவயல் இதைக் கண்டுவிட்டது.

வெடித்தபோதெல்லாம் ஒரு சொல் எழுந்தது: “தலையெழுத்து!” கணவனை இழந்தவள் அதைச் சொன்னால், அவளிடம் நாம் வாதாடப்போவதில்லை, துயரத்துக்கு அது ஊன்றுகோல். ஆனால் கணக்கேட்டை வைத்திருப்பவன் அதே சொல்லைச் சொன்னால்? அங்கே அது ஊன்றுகோலன்று, திரை!

ஊழ்வாதி கேட்பார்: “இன்ன நாளில், இன்ன மணியில் வெடிக்கும் என்று உங்கள் அறிவியலால் சொல்லமுடியுமா?” முடியாது என்றே ஒப்புக்கொள்வோம். நாளும் மணியும் குறித்துக் கொடுக்கும் கருவி இன்றும் இல்லை. ஆனால், நேரம் தெரியாது என்பது காரணம் தெரியாது என்பதாகுமா? உளுத்த உத்தரத்தின்கீழ் ஒரு குடும்பத்தைக் குடிவைக்கிறான் வீட்டுக்காரன். எந்த மழைநாள் இரவில் அது விழும் என்று அவனுக்குத் தெரியாது. விழுந்தபின், “நேரம் எனக்குத் தெரியாதே” என்றால், ஊர் அவனை விட்டுவிடுமா?

தங்கவயலில் காரணத்தைத் தேடினர். வெட்டிய வெற்றிடத்தில் மரமுட்டு கொடுத்தது போதாதென்று கண்டு, கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவரெழுப்பினர். பாறையின் அதிர்வைக் கேட்கும் கருவிகளைப் பொருத்தினர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அந்த ஊரிலேயே தோன்றியது. ஊழ் என்று உட்கார்ந்திருந்தால் இவற்றுள் ஒன்றேனும் வந்திருக்குமா?

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு கன மீட்டர் பாறை ஏறத்தாழ 2.7 டன். நூறு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 270 டன் சுமை. மூவாயிரம் மீட்டரில் 8,100 டன்! வெட்டி எடுத்த பாறையோடு அச்சுமை வெளியே வந்துவிடுவதில்லை. நின்றுகொண்டிருப்பதன் தோளுக்கு மாறுகிறது. மட்டமாகப் பரந்து கிடக்கும் நிலக்கரிப் படிவத்தைத் தூண் விட்டு வெட்டுகிறோம் என்று கொள்வோம். பாதியை எடுத்தால், எஞ்சிய பாதிக்கு இருமடங்கு சுமை. நான்கில் மூன்றை எடுத்தால் நான்கு மடங்கு. ஐந்தில் நான்கை எடுத்தால் ஐந்து மடங்கு. நூற்றுக்கு எழுபத்தைந்திலிருந்து எண்பதுக்குப் போனால், கையில் வருவது கூடுதலாக ஐந்து பங்கு. தூணின் தலையில் ஏறுவதோ முன்னிருந்ததில் கால்பங்கு! ஆசையின் கடைசிக் கவளமே தூணுக்குப் பெரும் பாரம்.

இக்கணக்கை மறந்ததன் விலையைத் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கம் உலகுக்குக் காட்டியது. தூண் விட்டு வெட்டிய நிலக்கரிச் சுரங்கம் அது. பின்னர், கூரையில் விட்டிருந்த கரியும் கண்ணை உறுத்தியது, அதையும் எடுத்தனர். தூணின் உயரம் கூடிற்று; அகலம் கூடவில்லை. ஒல்லியாய் உயர்ந்த தூண் வலிவு குன்றும். 1959 டிசம்பர் 28இல் ஒரு பகுதி சரிந்தது. எச்சரிக்கை! வேலை நின்றதா? இல்லை. 1960 சனவரி 21இல், ஒரு தூண் நொறுங்க, அதன் சுமை அடுத்ததன்மேல் விழ, அதுவும் நொறுங்க, தூண்கள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. 435 பேர் மடிந்தனர். அவர்களில் மிகப்பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர். உடல்களும் மீளவில்லை.

அதன் பிறகே ஆராய்ச்சி முடுக்கிவிடப்பட்டது. சாலமன், மன்றோ என்ற இரு அறிஞர், நின்ற தூண் வட்டாரங்கள் 98, சரிந்தவை 27 என்று எடுத்து ஒப்பிட்டு, 1967இல் தூணின் வலிமையை அளக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். சுமையைப்போல் 1.6 மடங்கு வலிமை தூணுக்கு வேண்டும் என்பது அவர்கள் வழியே வந்த அளவு. 435 பேர் மாண்டபின் கிடைத்த எண்! அறிவு வந்தது நன்று. ஆனால் அறிவு வந்தபின் ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை போய்விட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. “தூணிலே கிடப்பதும் நாட்டின் செல்வம். அதை விட்டால் தொழிலாளியின் கூலியே குறையும். ஆபத்தில்லாத தொழில் எது? பனையேறுபவன் விழுவதில்லையா?” என்பர். சுரங்கத்தை மூடு என்று நாம் சொல்லவில்லை. கரியின்றி ஆலை இல்லை என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. கனிமமின்றி இன்றும் வாழ்வில்லை. தூண் விட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. பேராழத்தில், தவறான இடத்தில் விட்ட தூணே சுமை தேங்கி வெடிப்பதுண்டு. எங்கே விடுவது, எங்கே வெட்டி எங்கே நிரப்புவது என்பது அறிவோடு செய்யவேண்டிய வேலை.

ஆனால் பனையேறியைச் சாட்சிக்கு அழைத்தவர் அவன் சொல்வதையும் கேட்கவேண்டும். பனையேறி மரத்தைத் தட்டிப் பார்க்கிறான்; காற்றைக் கவனிக்கிறான்; வேண்டாம் என்று தோன்றினால் இறங்கிவிடுகிறான். ஆபத்தும் அவனுடையது, தீர்ப்பும் அவனுடையது. சுரங்கத்தில் கரி வெட்டுபவன் தன் தலைக்கு நேரே உள்ள கூரையைத் தட்டிப் பார்க்கலாம். அரைமைல் அப்பால் எந்தத் தூணைச் செதுக்குகிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படம் அலுவலகத்தில், கணக்கு மேசையில், சுமை மட்டும் அவன் தலையில்! ஒருவன் தானே ஏற்கும் ஆபத்து வீரம். ஒருவனுக்குத் தெரியாமல் அவன்மேல் ஏற்றும் ஆபத்து அநீதி. இரண்டுக்கும் ‘தொழில் ஆபத்து’ என்று ஒரே பெயரைச் சூட்டுவதால் அநீதி வீரமாகிவிடாது.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. தூணின் கணக்கு, தூணின்கீழ் நிற்பவனுக்குத் தெரியவேண்டும். அவன் மொழியில், அவனுக்கு விளங்கும்படி தெரியவேண்டும். பேராபத்து என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால், கூலி பறிபோகுமோ என்ற நடுக்கமின்றி அவன் வெளியேற வேண்டும். பின்னதை, 1995இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை உரிமையாகவே எழுதிவைத்தது. ஏட்டில் எழுதிய உரிமை, சுரங்கத்து வாயிலில் செல்லுபடியாகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

கணக்கேடு, விட்டுவைத்த தூணை ‘எடுக்கப்படாத சரக்கு’ என்று எழுதும். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வேலை செய்து, மாலையில் மேலேறி வந்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற மனிதனை அது எந்தப் பத்தியில் எழுதும்? அவனுக்கென ஒரு பத்தி இல்லாத கணக்கு, எத்தனை திருத்தமாய்க் கூட்டியிருந்தாலும், பொய்க்கணக்கே!