முழங்காலுக்கு எத்தனை வயது?

போர்த் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் திருக்காட்டுப்பள்ளி விவசாயிக்கு ஒரே பயம்தான்: நாற்று மூத்துவிடும். மாதத்துக்கு ஒரு வாரம் என்பது இங்கே பழைய கணக்கு. மூன்றரை மாதக் குறுவைக்கு மூன்று, மூன்றரை வார நாற்று, சி.ஆர். 1009 மாதிரி ஐந்து மாத ரகத்துக்கு ஐந்து வாரம். அதைத் தாண்டி நட்டாலும் பயிர் பிழைக்கும், தூர்தான் கட்டாது. ஒற்றை நாற்று நடவு வந்தபோது 14 நாள் நாற்றையே பிடுங்கச் சொன்னார்கள்.

மூட்டுக் குருத்தெலும்பைச் செல் வைத்து வளர்க்கும் வைத்தியத்திலும் இதே கேள்வி நிற்கிறது. கொடுத்தவருக்கு என்ன வயது?

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் 1987-இல் இதைத் தொடங்கினார்கள். நோயாளியின் முழங்காலிலேயே பாரம் விழாத ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சீவி எடுத்து, அதிலுள்ள செல்களைச் சில வாரம் ஆய்வகத்தில் பெருக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் வைத்து மூடினார்கள். 1994-இல் வெளிவந்த முதல் அறிக்கையில் 23 பேர். அவர்களின் வயது 14 முதல் 48 வரை. அறுபதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. செல்லே நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மீதி அந்தச் செல்கள் கட்டி வைத்த நாரும் நீரும். வயது ஏற ஏறச் செல்கள் மெதுவாகப் பெருகுகின்றன. பெருகினாலும், வழவழப்பான அசல் குருத்தெலும்புக்குப் பதிலாகத் தழும்பு போன்ற முரட்டு நாரைச் செய்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

ஆகவே வைத்தியம் இளமையைத் தேடிப் போகிறது. தென்கொரியா 2012-இல் தொப்புள்கொடி ரத்தச் செல்லில் செய்த மருந்தை முழங்காலுக்கு அனுமதித்தது. கொடையாளிக்கு வயது பூஜ்யம். அமெரிக்காவில் 13 வயதுக்குள் இறந்த பிள்ளைகளின் குருத்தெலும்பைப் பொடித்துண்டுகளாக்கிப் பெரியவர்களின் மூட்டில் வைக்கிறார்கள். பெற்றவர்கள் மனமுவந்து கொடுத்ததுதான், தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் படிக்கும்போது எனக்கு ஒரு நிமிஷம் கை நின்றது.

இங்கே எங்கள் தெருவில் நடவுக்குப் போய்க் கால் போன ஓர் அக்கா இருக்கிறார். திண்ணையிலிருந்து எழுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுவார். அவர் மகள் தஞ்சாவூரில் டாக்டரிடம், என் பிள்ளை காலிலிருந்து கொஞ்சம் எடுத்து அம்மாவுக்கு வைக்க முடியுமா என்று கேட்டே விட்டாள். இது அதற்கான மூட்டு இல்லை என்றாராம் அவர். பெரும்பாலும் விளையாட்டில் அடிபட்டோ வேறு வகையிலோ ஓரிடத்தில் பள்ளம் விழுந்த மூட்டுக்குத்தான் செல் வைப்பது. முழுக்கத் தேய்ந்து வீங்கிக் கிடக்கும் மூட்டில் எந்த வயதுச் செல்லை வைத்தாலும் பிடிப்பது கஷ்டம்.

அக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வயசுக்கு வர்றதுக்கு முன்னயே நாத்துக்கட்டு தூக்குனவ தம்பி நான். பதினஞ்சுல நடவு. நாள் பூரா குனிஞ்சு பின்னாலயே நடக்கணும், சேறு காலை விடாது" என்றார்.

டென்மார்க்கில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறி, 1963-ஐ ஒட்டி உச்சிக்குப் போய், பிறகு இறங்கியது. எந்த வருஷம் உடம்பில் கட்டப்பட்ட திசு என்பதற்கு அது முத்திரை மாதிரி. முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜன் நாரில் அதை அளந்தார்கள். வளரும் வயதில் கட்டியது கட்டியதுதான். பிறகு அந்த நார் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். தேய்ந்த மூட்டிலும் அதே கதை.

அப்படியென்றால் அக்கா இத்தனை வருஷம் நடந்தது தாவணி போட்ட ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன குருத்தெலும்பின் மேல். கொடுத்தவளும் அவர்தான், வாங்கிக்கொண்டவரும் அவர்தான். அந்தப் பெண்ணின் தலையில் நாற்றுக்கட்டை ஏற்றியபோது, எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. நாற்றின் வயதைப் பார்த்தவர்கள் நடுகிறவள் வயதைப் பார்க்கவில்லை.

கொடையாளியின் வயது என்ற கேள்வியை நாம் பிந்திக் கேட்கிறோம் என்று எனக்குப் படுகிறது. அறுபதில் ஆய்வகத்துக்குப் போகும் கேள்வி பதினைந்தில் வயலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது இயந்திர நடவு. அக்காவின் பேத்தி சேற்றில் இறங்கியதில்லை. பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு சைக்கிள் வந்தது, அதுவரைக்கும் நல்லது. பாரம் சுமப்பது வேறு, ஓடியாடுவது வேறு: நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு முழங்கால் குருத்தெலும்பு கூடுதலாக வளர்வதை ஸ்கேனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு பூராவும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார்தான் எடுத்துக்கொண்டார் என்கிறாள் அந்தப் பெண்.