பெயரும் பின்னிற்போரும்

பல ஆண்டுகளுக்கு முன்பு நம் சங்கத்து ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மெல்லிசை நிகழ்ச்சிக்கு வந்த பாடகரின் பெயரைப் பெரிய எழுத்தில் இட்டு, அதன் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிட்டேன். தாளில் இடமில்லை, அச்சகத்தாருக்கோ அவசரம். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது தபேலா வாசித்த நண்பர் அருகில் வந்தார். பகலில் அலுவலக எழுத்தர்; மாலையில் கலைஞர். “ஊரில் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று அழைப்பிதழ் ஒன்று கேட்டு வாங்கினேன், சார். இதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எளிதில் மறந்திருப்பேன்.

ஒருவர் முன்னின்று பாட, சிலர் பின்னின்று துணைசெய்யும் கலையில் பெயர் யாருக்கு உரியது? உலகம் யாரைக் கேட்க வந்ததோ அவருக்கா, அல்லது அன்று உழைத்த அனைவருக்குமா? நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மேனாட்டு மெல்லிசையைக் கூச்சல் என்று நாம் ஒதுக்குவதுண்டு. ஒதுக்குமுன் அவ்விசைத்தட்டுகளின் மேல் அச்சிட்ட பெயர்களைச் சற்றுப் படித்துப் பார்த்தால், இவ்வினாவுக்குரிய வழக்கு அங்கே விரிவாக நடந்திருப்பது புலனாகும்.

அமெரிக்க நாட்டில் 1950களில் பாடகர் பெயரோடு குழுவின் பெயரையும் சேர்த்து வழங்கும் மரபு வேரூன்றியிருந்தது. பில் ஹேலியும் காமெட்ஸும், அதாவது வால்மீன்களும். பட்டி ஹாலியும் கிரிக்கெட்ஸும், அதாவது சில்வண்டுகளும் (பந்தாட்டமன்று). ஜீன் வின்சென்டும் புளூ கேப்ஸும். ஹாங்க் பல்லார்டும் மிட்நைட்டர்ஸும். ஜேம்ஸ் பிரௌனும் ஃபேமஸ் ஃபிளேம்ஸும். சற்றுப் பின்னே ஸ்மோக்கி ராபின்சனும் மிராக்கிள்ஸும். பின்னர் இவ்விசைக்கென ஒரு புகழ்மண்டபம் தோன்றியது. முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் கழிந்தோரையே அது தேர்ந்து போற்றும். 1986இல் பிரௌனும் ஹாலியும், 1987இல் ஹேலியும் ராபின்சனும், 1990இல் பல்லார்டும், 1998இல் வின்சென்டும் அதில் இடம் பெற்றனர். அறுவரும் தனியே நுழைந்தனர். இசைத்தட்டில் அவர்களோடு ஒட்டியிருந்த மறுபாதிப் பெயர் வாயிலிலேயே நின்றுவிட்டது.

இவருள் ஜேம்ஸ் பிரௌனின் கதை நெஞ்சை மிகவும் உறுத்துவது. சிறுவயதில் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டிருந்த அவர், 1952இல் விடுதலை பெறுவதற்கு உதவியவர்கள் ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாபி பர்ட் என்ற இளைஞரின் குடும்பத்தார். பர்ட் அப்போதே ஒரு பாடற்குழு வைத்திருந்தார். வந்தவர் அக்குழுவில் ஒருவராகச் சேர்ந்தார். 1956இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது சேர்ந்தவரின் பெயர் முன்னே நின்றது. குழு நடத்தியவர் ‘ஃபிளேம்ஸ்’ என்ற பொதுப்பெயருக்குள் மறைந்தார். இப்பெயர் வரிசை பற்றிய மனக்கசப்பால் 1957இல் குழுவினர் விலகினர். பின்னர் பர்ட் திரும்பி வந்தார். தலைவர் குரல் கொடுக்க, பர்ட் மறுகுரல் கொடுக்கும் பாட்டுகள் உலகெங்கும் பரவின. மறுகுரலைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அது யாருடையது என்று வினவியிருப்பார்கள்?

செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரமே கற்ற நாம் இங்கே பிரௌன்மீது சினங்கொள்வது எளிது. ஆயினும் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். பர்ட் பாடியிருந்தால் உலகம் திரண்டு வந்திருக்குமா? அந்தக் குரலும், அந்த ஆட்டமும், மேடையில் உயிரை வைத்து உழைத்த அந்த வேகமும் பிரௌனுக்கே உரியவை. வீடு கொடுத்ததற்குக் கைம்மாறாக முதலிடத்தைக் கேட்பது நட்பா, வாணிகமா? பர்ட் திரும்பி வந்ததே, அவரும் இதை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றாகலாம். பிழைப்பு வேறு வழி காட்டவில்லை என்பதற்கும் சான்றாகலாம்.

பெயரைத் தகுதியே தீர்மானிக்கிறது என்று நம்பிவிடவும் முடியவில்லை. பட்டி ஹாலி முன்னர் ஒரு நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தம், அங்கே பதிவு செய்த பாட்டை மீண்டும் பிறருக்குப் பாடத் தடையாயிருந்தது. அத்தடையைக் கடக்க, 1957இல் அப்பாட்டின் புதிய பதிவு கிரிக்கெட்ஸ் என்ற குழுப்பெயரில் மட்டும் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘பெகி சூ’ என்ற பாட்டோ ஹாலியின் தனிப்பெயரைத் தாங்கிற்று. இரண்டிலும் முரசு முழக்கியவர் அதே ஜெரி அலிசன்தான். ஒரு தட்டில் தலைவர் மறைந்தார், மறுதட்டில் தோழர்கள் மறைந்தனர். ஒப்பந்தத்தாள் செய்த வேலை இது.

இருவர் பெயரும் நிகராக நின்றாலேனும் அமைதி வருமோ எனில், அதுவும் இல்லை. 1970இல் சைமன், கார்ஃபங்கல் இரட்டையரின் புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் சைமன், பாடியவர் கார்ஃபங்கல். அவையோர் ஆரவாரிக்கையில் ஒதுங்கி நின்ற சைமனுக்கு, இது என் பாட்டு அல்லவா என்று உள்ளம் குறுகுறுத்ததாம். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வாண்டிலேயே இருவரும் பிரிந்தனர். நம் விசுவநாதன்-ராமமூர்த்தி இரட்டையரையும் இங்கே நினையாதிருக்க இயலாது. வயதில் மூத்த ராமமூர்த்தியின் பெயர் இரண்டாவதாகவே நின்றது. இலக்கணத்தார் இத்தொடரை உம்மைத்தொகை என்பர். விரித்தால் ‘உம்’ இருவருக்கும் ஒத்தே வரும். வாழ்க்கை இலக்கணம் அவ்வளவு நேர்மையானதன்று; 1965இல் அவர்களும் பிரிந்தனர். 1995இல் ஒரு படத்துக்காக மீண்டும் கூடினர் என்பது சிறு ஆறுதல்.

நம் மொழியும் இதில் குற்றமற்றதென்று சொல்வதற்கில்லை. நாகசுரத்துக்குச் சுருதி தாங்குவது ஒத்து. ஆனால் ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் வசை. ‘பின்பாட்டுப் பாடுகிறான்’ என்றாலும் அவ்வாறே. கச்சேரி அறிவிப்பில் பக்கவாத்தியக்காரரின் பெயரைத் தவறாது குறித்து, தனி ஆவர்த்தனத்துக்கென நேரமும் ஒதுக்கும் அதே மக்கள்தாம் இவ்வசைகளையும் வழங்குகிறோம்.

எனக்குத் தோன்றுவது இது. புகழைச் சமமாகப் பங்கிட எவராலும் இயலாது. அது கேட்போர் மனம் தருவது. ஆனால் இன்னார் இன்னார் இருந்தனர் என்ற செய்தி புகழன்று. நடந்ததைப் பற்றிய உண்மை. பிரௌனுக்குப் பெரிய எழுத்து தகும். பர்ட் என்னும் பெயர் எந்த எழுத்திலும் இல்லாதபோது அங்கே குறைவது மரியாதை மட்டுமன்று. ஒரு பொய் நுழைந்துவிடுகிறது, தனியொருவரே அதைச் செய்தார் என்னும் பொய்.

புகழ்மண்டபத்தார் இதை உணர்ந்தனர் போலும். 2012 ஏப்ரலில் கிளீவ்லாந்து நகரில், விடுபட்ட ஆறு குழுக்களையும் ஒருசேரச் சேர்த்துக்கொண்டனர். அவர்களை வரவேற்று அவையில் பேசியவர், 25 ஆண்டுகளுக்கு முன் தோழர்களின்றித் தனியே நுழைந்த ராபின்சனே. ஃபேமஸ் ஃபிளேம்ஸின் சார்பில் மேடையேற அந்நாளில் பாபி பென்னட் என்ற ஒருவரே உயிருடன் எஞ்சியிருந்தார். பாபி பர்ட் 2007இல் மறைந்துவிட்டார்.

நம் சங்கத்திலும் அடுத்த ஆண்டு அழைப்பிதழில் குழுவினர் ஐவர் பெயரையும் அச்சிட்டோம். தாளில் இடம் இருக்கத்தான் செய்தது. அதற்குள் தபேலா நண்பருக்கு நாகபுரிக்கு மாற்றலாகிவிட்டது, வேறொருவர் வாசித்தார். ஒரு படியை அவருக்கு அஞ்சலில் அனுப்பலாமென்று உறையில் முகவரியும் எழுதினேன். பின்னர், அதில் அவர் பெயர் இல்லையே என்பது நினைவுக்கு வந்து, அனுப்பாமல் வைத்துவிட்டேன்.