இரவற் சொல்லும் சொந்தச் சொல்லும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் இறங்குவது இன்று புதுமையன்று. அப்பட்டத்தின் பெருமையை நாம் நன்கறிவோம். மண அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னே மறவாமல் அச்சிடுகிறோம். ஆயினும் அதன் அடியில் கிடக்கும் ஓர் அறவினாவை நாம் வீட்டில் எழுப்புவதே இல்லை. ஓர் ஆய்வேட்டில், எழுதியவருக்குச் சொந்தமானது எது? ஷேக்ஸ்பியரைப் பற்றி நானூறு ஆண்டுகளாக எண்ணற்றோர் எழுதிக் குவித்த பின்னர், இன்று எழுத வரும் மாணவர் பிறரிடம் கடன் வாங்காமல் ஒரு பக்கமேனும் எழுத இயலுமா?

கடன் வாங்குதல் இழிவன்று என்பதே நம் முன்னோர் கொள்கை. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்த நன்னூலார், முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் பொன்னெனப் போற்றி எடுத்தாளலாம் என்று இசைவளித்தார். தொல்காப்பியரோ, தமக்கு முன்னிருந்த புலவர் இவ்வாறு கூறுவர் என்று இடந்தோறும் சொல்லிச் செல்கிறார். எடுத்தாளும் உரிமையும், எடுத்ததை ஒப்புக்கொள்ளும் கடமையும் நம் மரபில் இணைந்தே நின்றன. பொன்னைப் போற்றுதல் வேறு. அதைத் தன் வீட்டுப் பொன்னென்று சாதித்தல் வேறு.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகள் இக்கடமையைக் கணக்கிற்குள் கொண்டுவர முயன்றன. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களை நீக்கிய பின், பிற எழுத்துகளோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டிற்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை எனில் ஏட்டைத் திருத்தித் தரவேண்டும். 60-ஐக் கடந்தால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். இவ்விதிகள் தேவையானவையே. ஆனால் கணிப்பொறி ஒப்பிடுவது சொற்களை. எண்ணத்தின் பிறப்பிடத்தை அது அறியாது. பிறர் கருத்தைச் சொல் மாற்றி எழுதியவர் அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். கேட்டவுடன் கட்டுரை வடித்துத் தரும் செய்யறிவுப் பொறிகள் வந்துவிட்ட இந்நாளில் அத்தப்புதல் இன்னும் எளிது. ஆகவே, விழுக்காட்டைக் கடந்த இடத்தில்தான் அறம் தொடங்குகிறது.

களவு எழுதும்போது தொடங்குவதன்று. படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பது எம் கருத்து. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை நடத்தினார். ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்கு அளித்து, தோன்றியதை எழுதித் தருமாறு கேட்டார். நன்கு கற்ற அம்மாணவருட் பலர், டன், ஹாப்கின்ஸ் போன்ற பெருங்கவிஞரின் பாடல்களையே ஏற்காது ஒதுக்கினர். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த அவ்வெழுத்துகளை ஆராய்ந்து அவர் 1929-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயரென்னும் ஊன்றுகோல் நீங்கியதும் நடை தடுமாறியது. அதுவரை அவர்கள் பாராட்டியவற்றுள் எத்தனை அவர்களுடைய பாராட்டு, எத்தனை இரவல் என்ற ஐயம் நமக்கு எழாமற் போகுமா?

“ஆங்கிலம் எம் தாய்மொழியன்று, ஆன்றோரின் செம்மையான தொடர் இருக்க எம் தட்டுத்தடுமாறும் தொடர் எதற்கு?” என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். அது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. ஆனால் தடுமாறும் தொடரைத் திருத்த ஆசிரியர் உளர். இரவல் தொடரைத் திருத்த எவராலும் இயலாது, அதன் பின்னே சிந்தித்தவர் அங்கே இல்லாமையால்.

நம்மைப் போன்றதொரு குடும்பத்தில் தோன்றிய ஒருவரை இங்கு நினைத்தல் தகும். மைசூரில் தமிழ் பேசும் இல்லத்தில் 1929-இல் பிறந்த ஏ. கே. இராமானுசன், ஆங்கில இலக்கியம் கற்றுக் கல்லூரிகளில் அதையே கற்பித்தவர். 1962-இல் சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார். அதனோடு உழன்று அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967-இல் வெளிவந்தது. தாய்மொழிச் செல்வங்கூடப் பிறப்பால் மட்டும் நமதாகிவிடாது, உழைத்து ஈட்ட வேண்டியது என்பதை அவர் உணர்ந்து உரைத்தார். பாடல் சங்கப் புலவருடையது, பதிப்பு ஐயருடையது, ஆங்கிலம் அயலாருடையது. எனினும் அந்நூல் இராமானுசனுடையது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பெற்றதை ஒப்புக்கொண்டு, தம் கண்ணால் படித்து, தம் உழைப்பைச் சேர்த்தமையே அவ்வுரிமையைத் தந்தது.

இதில் பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு. “எப்போது முடிப்பாய்? எப்போது பட்டம்?” என்று ஓயாது கேட்கும் வீடு, தன்னை அறியாமலே பிள்ளையைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது. கூலிக்கு எழுதப்பட்ட ஏடுகள் விலைபோவது, ஏட்டைவிடப் பட்டத்தை நாம் பெரிதாக மதிப்பதனால் அன்றோ? அவ்வாறு பட்டம் பெற்றவர் நாளை வகுப்பறையில் நிற்பார். தாம் படிக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். ஏமாறுவது பல்கலைக்கழகம் மட்டுமன்று.

ஆதலின் நம் கேள்வியை மாற்றிக்கொள்வோம். “இன்று என்ன படித்தாய்? பிறர் சொன்னது இருக்கட்டும். உனக்கு என்ன தோன்றியது?” என்று கேட்போம். விடை சிறிதாயினும், பிழையுடையதாயினும், அது பிள்ளையின் சொந்தச் சொல். ஆய்வு அங்கிருந்தே வளரும்.