வந்த நாயும் வாங்கிய நாயும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நாயில்லாத ஊரைக் காண்பது அரிது. ஆயினும், அங்கு நாயை விலை கொடுத்து வாங்கி வளர்த்தோர் நீண்ட காலமாக மிகச் சிலராகவே இருந்தனர். நாய் தானாக வந்தது. வேலியின் கீழாக நுழைந்தது, மீன் வெட்டும் இடத்தருகே படுத்தது, மிஞ்சிய சோற்றையும் மீன்தலையையும் தின்றது, இரவில் அந்நியரைக் கண்டு குரைத்தது. அதற்குப் பெயர் இட்டோரும் உளர், இடாதோரும் உளர். அது ஒரு வளவுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் இன்னொரு வீட்டிலும் உண்டு, நடுப்பகலில் தோணியின் நிழலில் உறங்கும் அவ்வுயிருக்கும் மனிதருக்கும் இடையிலிருந்த உறவை வளர்ப்பு என்பதிலும் அயல் என்பதே பொருத்தமாகும்.

இவ்வுறவோடு வேறோர் உறவும் இன்று வந்து சேர்ந்துள்ளது. கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் உள்ள மதில் வீடுகளில் லப்ரடோர் இனக் குட்டிகள் விலைக்கு வாங்கப்பட்டுக் 'குடும்ப நாய்' என்ற பெயரில் வளர்கின்றன. பிள்ளைகள் கேட்டதற்காக வாங்கியோர் உளர். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில், தனித்திருக்கும் பெற்றோருக்குத் துணையாக வாங்கப்பட்டவையும் உள. தானாக வந்த நாய்க்கு மனிதன் கடமைப்பட்டவனா, வாங்கி வந்த நாய்க்குக் கடமைப்பட்டவனா, இருவகைக் கடமைகளும் ஒன்றுதானா என்ற வினா இவ்விடத்தே எழுகின்றது. பார்வைக்கு இது சிறிய வினா. ஆயின் பிறரைத் தன்னில் தங்கியிருக்கச் செய்பவன் அப்பிறருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற பெரிய வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

முதலில் அந்நாயின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். பெயர் லப்ரடோர் ஆயினும் அதன் மூதாதையர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவைச் சேர்ந்தவை. அங்குள்ள மீனவர்கள் தூண்டிற் கயிறுகளை இழுக்கவும், நழுவிய மீனைக் குளிர்நீரிற் பாய்ந்து பற்றி வரவும் அவற்றைப் பயன்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுசென்று, சுட்டு வீழ்த்திய பறவையை வாயிற் கவ்வி வந்து கொடுப்பதற்கென இணைசேர்த்துப் பெருக்கினர். 1903ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாய்வளர்ப்போர் கழகம் அதனைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. மீனவர் நாயாய்ப் பிறந்தது மீனவர் வாழும் இன்னொரு கரைக்கு வந்து சேர்ந்தும், மீனவர் குடிசைக்கு வராமல் உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்திருப்பதில் ஒரு முரண் உண்டு.

இவ்வரலாற்றில் அறவியல் நோக்கிற் கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், லப்ரடோர் நாயின் இயல்பிற் பெரும்பகுதி மனிதன் வேண்டியெடுத்தது என்பதாகும். கடித்து விழுங்காமல் மென்மையாகக் கவ்வும் வாய், ஏவலை எதிர்பார்த்து முகம் நோக்கும் பழக்கம், தனிமையைத் தாங்காத மனம், நீர் ஒட்டாத இரட்டை மயிர்ப்போர்வை ஆகிய யாவும் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. அம்மயிர்ப்போர்வை குளிர்கடலுக்கானது. ஆனி, ஆடி மாதங்களிற் படுவான்கரை வயல்களைக் கடந்து கச்சான் காற்று அனலாய் வீசும்போது, அதே போர்வையோடு சீமெந்து முற்றத்திற் சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கும் நாயின் துன்பத்தை இயற்கையின் செயல் என்று சொல்லித் தப்ப இயலாது. அதன் உடலை ஆக்கியவனும் மனிதன். அதனை அவ்விடத்துக்குக் கொணர்ந்தவனும் மனிதன். ஊர் நாயோ வெயில் ஏறுமுன் தானே நிழலைத் தேடிக் கொள்கின்றது. அதனைக் கட்டுவார் எவருமிலர்.

காவலுக்கென்று லப்ரடோரை வாங்கிப் பின், அது வருவோர் எல்லோரிடமும் வாலாட்டுகின்றதே எனச் சினந்து அடிப்போரும் உளர். அன்பு காட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்ட உயிரை அன்பு காட்டியதற்காகத் தண்டிப்பது வாங்கியவனின் அறியாமைக்கான விலையை நாயிடம் அறவிடுவதாகும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். தமிழர் வீட்டில் அன்பு பெரும்பாலும் சோற்றின் வடிவிலேயே வெளிப்படும். வந்தவரை உண்ணச் செய்யாமல் அனுப்புவது குறையெனக் கருதும் சமூகம், காலடியில் அமர்ந்து ஏக்கத்தோடு நோக்கும் நாய்க்குப் பிட்டின் ஒரு துண்டை, மீன்பொரியலின் ஒரு துண்டை எறியாமல் இருக்குமா? ஆயின் 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, லப்ரடோர் நாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று பசியடங்கும் உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் சிறு பகுதியை இழந்துள்ளது எனக் காட்டிற்று. அத்தகைய நாய்கள் உணவில் மிகுந்த நாட்டமும் கூடிய எடையும் உடையனவாய் இருந்தன. இன்னோர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதில் 48 லப்ரடோர் நாய்கள் இரு பிரிவாக வாழ்நாள் முழுதும் அவதானிக்கப்பட்டன. ஒரு பிரிவு மற்றதிலும் கால்வாசி குறைவாக உணவு பெற்றது. குறைவாக உண்டவை இடைநிலைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

இச்செய்தி மருத்துவத்தோடு நின்றுவிடுவதன்று. ஓருயிரின் விருப்பமும் அதன் நலமும் ஒன்றுக்கொன்று முரணானால் அதனை நேசிப்பவன் எதன் பக்கம் நிற்க வேண்டும்? மனிதன் விடயத்தில், வளர்ந்தவனின் விருப்பத்தை மதிப்பதே மரியாதை என்பர். அவன் தன் கேட்டினைத் தானே தெரிந்து தேர்கிறான் என்பது அதற்குரிய நியாயம். நாய் அவ்வாறு தேர்வதில்லை. அது கேட்பதெல்லாம், பசி அடங்காவாறு மனிதனாலேயே பெருக்கப்பட்ட ஓர் உடலின் குரலாய் இருக்கக்கூடும். அந்நிலையில், இரங்கும் கண்களுக்கு முன்னால் கையை மடக்கிக் கொள்வதே கடினமான அன்பாகின்றது. கேட்டபோதெல்லாம் கொடுப்பவர் நாயின் பசியை ஆற்றுவதாக எண்ணினாலும் உண்மையில் தம் மனத்தின் பசியையே ஆற்றிக் கொள்கிறார் எனல் மிகையன்று. குறிப்பாக, பிள்ளைகள் கடல் கடந்து போன வீடுகளில் இவ்வாறு நிகழ்வதைப் புரிந்துகொள்வது எளிது, குறைகூறுவதுதான் கடினம்.

இனித் தமிழ் மரபைப் பார்க்கலாம். அது நாயை இருவேறு விதமாக நோக்கிற்று. வைரவருக்கு நாயே ஊர்தி. ஆயினும் தம்மைத் தாழ்த்திக் கொள்ள விரும்பிய மணிவாசகர் நாயினும் கடையவன் என்றே தம்மைச் சொல்லிக் கொண்டார். நாலடியாரோ யானையையும் நாயையும் ஒப்பிட்டு, பாகனைக் கொல்லும் யானை போன்றோரை விடுத்து, எறிந்த வேல் உடலிற் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் நாய் போன்றோரின் நட்பைக் கொள்ளுமாறு கூறுகின்றது. நாயின் நன்றி மனிதனுக்குப் பாடமாகக் காட்டப்பட்டதே ஒழிய, நாய்க்கு மனிதன் காட்டவேண்டிய நன்றி யாதென்பது அங்கு பேசப்படவில்லை.

அதனைப் பேசும் கதை பாரதத்தின் இறுதியில் வருகின்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திற் பதினெட்டு நாள் நிகழும் விழாவினால் பாண்டவர் கதை இப்பிரதேச மக்களுக்கு நன்கு பழகியது. தம்பியரும் திரௌபதையும் வழியில் வீழ்ந்தபின், ஒரு நாய் மட்டும் தருமரைத் தொடர்ந்து செல்கின்றது. தேரோடு வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ஏறுமாறு கூற, தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் எனத் தருமர் மறுக்கிறார். அந்நாய் தருமர் வளர்த்த நாயன்று என்பது மனங்கொளத்தக்கது. அது தானாக வந்தது. எனவே கடமையின் ஊற்று உடைமையில் இல்லை, அடைக்கலத்திலேயே உள்ளது என அக்கதையிலிருந்து கொள்ளலாம்.

அவ்வாறாயின் வந்த நாய்க்குரிய கடமையே பெரிது என்று முடிவாகுமா? மேனாட்டு மெய்யியலார் சிலர் இவ்வேறுபாட்டையே பொருட்படுத்தமாட்டார். விலங்கு பேசுமா, சிந்திக்குமா என்பதை விட்டு, அது துன்புறுமா எனக் கேட்குமாறு 1789இல் பெந்தாம் கூறினார். 1975இல் பீற்றர் சிங்கர் அவ்வழியையே விரித்தார். துன்பத்தை அளவுகோலாகக் கொண்டால் இரு நாய்களும் ஒன்றே. எதனையும் அடித்தல் தவறு. இது சரியே, ஆயினும் போதாது. தெருவிற் செல்லும் பிள்ளையை அடிக்காதிருத்தல் எல்லோர்க்கும் கடன். ஆயின் தன் பிள்ளைக்குச் சோறூட்டுதல் பெற்றவனுக்கே கடன். கான்ற், விலங்குக்கு மனிதன் நேராகக் கடமைப்பட்டவன் அல்லன் எனக் கருதியவர். அவரே, நெடுங்காலம் உழைத்த நாயை அதன் முதுமையிலும் சாகும்வரை பேணவேண்டும் எனத் தம் விரிவுரைகளிற் கூறியுள்ளார். கொள்கை இடங்கொடாத இடத்தும் மனச்சாட்சி இடங்கொடுத்துவிட்டது போலும்.

உண்மையில் ஊற்றுக்கள் இரண்டு. வந்த நாய் மனிதனிடம் கேட்கின்றது. அவன் இசைந்தால் கடமை பிறக்கின்றது. வாங்கிய நாய் எதையும் கேட்கவில்லை. தாயிடமிருந்து எட்டாவது கிழமையிற் பிரித்து, மதிலுக்குள் அடைத்து, வேறு போக்கிடம் இல்லாததாய் அதனை ஆக்கியவன் மனிதனே. பிள்ளை வளர்ந்து தன் காலில் நிற்கும். லப்ரடோர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருநாளும் அவ்வாறு நிற்காது. ஆதலின் முதலாவது கடமை தொடங்குவதற்கு மனிதனின் இரக்கம் வேண்டும்; இரண்டாவது, விலை கொடுத்த கணத்திலேயே தொடங்கிவிட்டது.

மனிதப் பிள்ளைகளுக்கே பால்மா வாங்க இயலாத ஊரில் நாய்க்குச் செலவிடுவது நீதியா என்று கேட்போர் உளர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இக்கேள்வி வெறும் தர்க்கமாய் இருக்கவில்லை. கேள்வி நியாயமானது, ஆயின் அது கேட்கப்படவேண்டிய காலம் வாங்குமுன். வாங்கியபின் அதே கேள்வியைக் கையிலெடுத்து, வளர்ந்த நாயைச் சந்தையடியில் விட்டுவருபவன் ஏழைகளின் பெயராற் தன் கடனைத் தள்ளுபடி செய்கிறான். அவ்வாறு விடப்பட்டவை கட்டாக்காலிகளாகின்றன. இலங்கையில் 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தனர். தடுப்பூசித் திட்டங்களால் அத்தொகை பின்னர் மிகக் குறைந்தது. 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்லும் வழக்கமும் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியாகக் கொள்ளப்பட்டன. அவ்வழி வெல்வதும் தோற்பதும், குட்டியைப் பையிலிட்டு இருளில் வீசும் கையைப் பொறுத்தே உள்ளது.

இயலாமையால் விடுதல் வேறு. 1990இலும், 2007ஆம் ஆண்டு மார்ச்சிற் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோதும், பிள்ளையைத் தூக்கிய கையால் நாயையும் தூக்கு என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. அங்கே குற்றம் இல்லை. எனினும் கடமை அழிந்துபோயிற்று என்பதும் பொருந்தாது. திரும்பி வந்து, கூரையற்ற வீட்டு வாசலில் நின்று நாயின் பெயரைச் சொல்லி அழைப்பவனுக்கு அது தெரியும். குற்றமின்றியும் கடன் மிஞ்சுவதுண்டு.

'குடும்ப நாய்' என்ற சொல்லையும் சிறிது ஐயத்தோடு நோக்கவேண்டியுள்ளது. குட்டியைக் கேட்டது மகன். பணம் கொடுத்தது தந்தை. படமெடுத்து உறவினர்க்கு அனுப்பியது எல்லோரும். உண்ணி பிடுங்குவதும், முற்றம் கழுவுவதும், தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பதும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றன. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், அதனைச் செலுத்துபவர் இன்னொருவர் என்னும் இவ்வேற்பாட்டிற் குடும்பம் என்ற சொல் பலவற்றை மூடி மறைக்கின்றது.

முதுமை வரும்போது இது வெளிப்படையாகின்றது. லப்ரடோர் இனத்துக்கு இடுப்பு மூட்டு நோய் இயல்பாகவே மிகுதி. முப்பது கிலோ எடையுள்ள நாய் எழ இயலாது கிடக்கையில், அதனைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைப்பவர், தாமே மூட்டுவலியுள்ள அறுபது வயதுத் தாயார். நாயைக் கேட்ட மகன் அப்போது வெளிநாட்டில் இருப்பான். வலியின்றி முடிக்கும் ஊசியைப் பற்றி மிருக வைத்தியர் கேட்கும்போது, தொலைபேசியில் 'வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று அவன் சொல்வது எளிது. அவன் சொல்வதில் அன்பு இல்லையென்று கூறமுடியாது. ஆயினும் அந்நாயின் ஒவ்வோர் இரவையும் அறிந்தவர் தாயார். முனகலின் வேறுபாடு அவருக்கே தெரியும். அம்முடிவில் முதற் சொல்லும் இறுதிச் சொல்லும் அவருடையதாய் இருத்தலே நீதி.