வித்தையும் நம்பிக்கையும்

சென்ற தை மாதம் எங்கள் ஊரான பெரிய முதலியார்சாவடியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு. பந்தி முடிந்து, பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டும் ஆண்கள் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டும் இருந்த நேரம். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும் என் தமக்கை மகன் ஒரு சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தான்.

இருபத்தொரு சீட்டை எண்ணி எடுத்தான். ஏழு ஏழாக மூன்று வரிசை போட்டான். ஒரு பெரியவரைப் பார்த்து, "மனசிலே ஒரு சீட்டை நினைச்சுக்குங்க, தாத்தா. அது எந்த வரிசையிலே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவர் சொன்னார். சீட்டுகளை வாரி அடுக்கி மறுபடியும் மூன்று வரிசை, மறுபடியும் கேள்வி. மூன்றாவது முறையும் அப்படியே. பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினோராவது சீட்டைத் திருப்பினான். அவர் நினைத்த சீட்டுத்தான்!

ஆனால் கை தட்டுவார் இல்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அந்தப் பெரியவர் மரக்காணம் உப்பளத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் சொன்னார்: "தம்பி, நாங்க பாத்தியிலே தண்ணி கட்டறோம், காய விடறோம், உப்பை வாரறோம். பாக்கிறவனுக்கு அது ஏன்னு புரியும். நீ எதுக்கு மூணு வாட்டி அடுக்கினே? அதுதான் எனக்குப் புரியல்லே."

பையனின் முகம் வாடிவிட்டது. அப்புறம் தனியே என்னிடம் வந்து, "மாமா, கையிலே ஒரு தப்புக்கூட இல்லே. ஏன் ஒருத்தரும் ரசிக்கல்லே?" என்று கேட்டான்.

பெரியவர் சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்த வித்தையின் சூட்சுமம் வெறும் கணக்கு. ஒவ்வொரு முறையும் அவர் காட்டிய வரிசையை நடுவில் வைத்து அடுக்கினால், மூன்றாவது முறை அவருடைய சீட்டு பதினோராவது இடத்துக்குத் தானாக வந்து சேரும். கணக்குக்கு மூன்று தடவை தேவை. பார்ப்பவனுக்கு ஏன் தேவை? அதைத்தான் பையன் யோசிக்கவில்லை. ஆகவே ஜனங்கள் அதைக் கணக்குப் பாடமாகப் பார்த்தார்கள். கணக்குப் பாடத்தில் யாருக்குத்தான் கொட்டாவி வராது?

அதே வித்தையை இப்படிக் காட்டலாம். "திருவிழாக் கூட்டத்திலே ஒரு பிள்ளை தொலைந்துவிட்டது, தகப்பனார் நீங்கள். பிள்ளை எந்தத் தெருவிலே போனான், அதை மட்டும் சொல்லுங்கள். நான் தேடிக் கொண்டுவருகிறேன்." இப்போது மூன்று வரிசையும் மூன்று தெருக்கள். ஒவ்வொரு முறை அடுக்கும்போதும் பிள்ளை கூட்டத்தோடு வேறு தெருவுக்கு நகர்ந்துவிடுகிறான். பார்ப்பவனுக்குத் தேடுவதும் புரிகிறது, கடைசியில் கிடைத்ததும் புரிகிறது. எப்படிக் கிடைத்தது என்பது ஒன்றுதான் புரியவில்லை. அந்தப் புரியாமை சுகமாக இருக்க வேண்டுமானால், மற்றதெல்லாம் தெளிவாகப் புரிய வேண்டும். எதுவுமே புரியாவிட்டால் வருவது வியப்பு அல்ல, வெறும் குழப்பம்.

நம் நாட்டுத் தெரு வித்தைக்காரர்களுக்கு இது பழைய பாடம். செப்படி வித்தை என்கிறோம். செப்பு என்றால் சிமிழ். கவிழ்த்த சிமிழ்களுக்கு அடியில் பந்து மறைவதும் தோன்றுவதுமான விளையாட்டு அது. கேரளத்தில் இதைச் செப்பும் பந்தும் என்பார்கள். வாழக்குன்னம் நம்பூதிரி (1903–1983) இதில் பெயர் பெற்றவர். இந்த வித்தை காட்டுகிறவன் கையில் பெரும்பாலும் ஒரு சிறு கோல் இருக்கும். அதை மந்திரக்கோல் என்று நாம் நினைக்கிறோம். உள்ளங்கையில் பந்தை ஒளித்திருப்பவனுக்கு விரல்களை மூடிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். கோலைப் பிடித்தால் காரணம் கிடைத்துவிடும். பைக்குள் கையை விட ஒரு காரணம் வேண்டும். கோலை எடுக்கப் போனால் அதுவும் கிடைத்துவிடும். காரணம் இல்லாமல் அசைகிற கையைச் சிறு குழந்தைகூடச் சந்தேகிக்கும்.

காரணம் இருந்தால் மட்டும் போதாது, முடிவும் வேண்டும். 1956 ஏப்ரலில் பி. சி. சர்க்கார் லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியில் பதினேழு வயதுப் பெண்ணை மின்சார ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அவள் எழுந்திருப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பெண் செத்தேபோனாள் என்று பதறி, ஜனங்கள் தொலைபேசியில் ஓயாமல் அழைத்தார்களாம். சர்க்கார் வேண்டுமென்றே அப்படி நேரத்தைக் கணக்கிட்டார் என்று சொல்வாரும் உண்டு. எப்படியானாலும், முடிவு கிட்டாத வித்தை பார்ப்பவன் மனத்தில் உண்மையாகவே தங்கிவிடுகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் தயங்கினேன். வித்தைக்கு நல்ல காரணம் கற்பிக்கச் சொல்லிக் கொடுக்கிறேனே, காரணம் பலமாக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லாததை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஊரோடு இருந்த காலம். சீட்டு வித்தைகள் சிலவற்றில் கை நன்றாகப் பழகியிருந்தது. ஒரு நாள் மாலை எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கு முன் வித்தை காட்டினேன். அன்று நான் சொல்லிக்கொண்ட காரணம், "சீட்டு என்னோடு பேசும்" என்பது. அடுத்த வீட்டு அத்தை அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அவள் மகனிடமிருந்து எட்டு மாதமாகத் தகவல் இல்லை.

மறுநாள் காலையில் புடவைத் தலைப்பில் இருபது ரூபாயை முடிந்துகொண்டு வந்தாள். "தம்பி, எம் புள்ள எங்க இருக்கான், எப்ப வருவான்னு அந்தச் சீட்டைக் கேட்டுச் சொல்லுப்பா" என்றாள்.

"அத்தை, அது விளையாட்டு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து எழுத்து வார்த்தை. சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று வெகு காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, என்னை ஒருத்தி அவ்வளவு பெரியவனாக நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது. சீட்டைப் பரப்பினேன். ஆட்டின் ராணியை வரவழைத்தேன். அதன் பக்கத்தில் ராஜாவையும் வரவழைத்தேன். "ராணி நீங்க. பக்கத்திலேயே வந்துட்டான் பாருங்க" என்றேன். பணம் வாங்கவில்லை. அதனாலேயே என்னை யோக்கியன் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து மகன் வந்துவிட்டான். அத்தை தெருவெல்லாம் என் புகழைச் சொன்னாள். பிறகு ஒரு மழைக்கால இரவு. அவளுடைய மகளுக்கு மூன்றாம் நாளாகக் கடுமையான காய்ச்சல். அத்தை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாமா, விட்டா தானா எறங்கிடுமா? சீட்டைக் கேளு தம்பி" என்றாள்.

என் கை நடுங்கியது. சீட்டுக் கட்டை எடுத்து, விளக்கடியில் அவள் முன்னால் வைத்து, ராணியை எப்படி வரவழைத்தேன் என்பதை மெதுவாகச் செய்து காட்டினேன். அவள் இரண்டு முறை பார்த்தாள். கோபிக்கவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்கு மேல் பேச நேரமில்லை. ஆட்டோ பிடித்துப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்துக்கொண்டாள். அத்தை என்னோடு மறுபடியும் முகம் கொடுத்துப் பேச வெகு நாள் ஆயிற்று.

வித்தைக்கும் மோசடிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், பணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சந்தையில் மூன்று சீட்டுப் போட்டு ஏமாற்றுகிறவன் பணம் வாங்குகிறான். மேடையில் வித்தை காட்டுகிறவனுந்தான் வாங்குகிறான். பணம் வாங்காத நானோ இருவரையும்விடப் பெரிய தவறு செய்தேன். ரகசியமா என்றால், ரகசியம் எல்லோரிடமும் இருக்கிறது.

நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியை வெகு காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சரித்திரத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. ராபர் ஊடென் என்ற பேர்பெற்ற பிரெஞ்சு வித்தைக்காரரிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதன் அடியில் இரும்பு. மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் பெட்டி மேடையோடு ஒட்டிக்கொள்ளும். பாரிஸில் அதைப் பார்த்தவர்கள் மகிழ்ந்து வீட்டுக்குப் போனார்கள். 1856-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஜனங்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மதப் பெரியவர்களைவிடப் பிரெஞ்சுக்காரனுக்கு அதிக சக்தி உண்டு என்று காட்டுவதுதான் நோக்கம். ஒரு பலசாலியை மேடைக்கு அழைத்து, "உன் பலத்தை எடுத்துவிட்டேன்" என்றார். அவனால் பெட்டியை அசைக்க முடியவில்லை. அது வெறும் கைத்திறமைதான் என்று பிற்பாடு மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஜனங்களுக்குச் சொல்லச் செய்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அச்சம் தன் வேலையை முடித்த பிறகு வந்த உண்மை அது. என் உண்மையும் அப்படித்தான் வந்தது.

பெட்டி ஒன்றே, காந்தமும் ஒன்றே. அதற்குச் சொன்ன காரணம் மட்டும் மாறியது. தொலைந்த பிள்ளையின் கதை சீட்டுக் கட்டோடு முடிந்துவிடும். யாரும் அதை நம்பித் தெருவில் பிள்ளையைத் தேடப் போவதில்லை. "சீட்டு என்னோடு பேசும்" என்பது அப்படி அடங்கவில்லை. அத்தையோடு எழுந்து அவள் வீட்டுக்குள் போய்விட்டது. ஆகையால் காரணம் சொல்கிறவன், வித்தை முடிந்ததும் அதைத் தன்னோடு திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் இந்தச் சட்டம் உண்டு. கதை படித்துக் கண்ணீர் விடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்ட பின் அது கதை என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று சாயங்காலம் பையன் மறுபடியும் சீட்டோடு உட்கார்ந்தான். இந்தத் தடவை மூன்று தெருக்களும் தொலைந்த பிள்ளையும் இருந்தன. கூட்டத்தில் அந்த அத்தையும் இருந்தாள். இப்போது தலை முழுதும் நரைத்துவிட்டது. அவன் அவளிடம் ஒரு சீட்டை நினைக்கச் சொன்னான். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவனைக் கேட்டாள்:

"இது விளையாட்டுத்தானே?"

"விளையாட்டுத்தான், ஆயா" என்றான் பையன்.

"அப்படின்னா சரி" என்று சொல்லி, அவள் சீட்டுகளைக் குனிந்து பார்க்கத் தொடங்கினாள்.